யாருக்கு யார் வாத்தியார்?

ஜெர்மனியில் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளைகளில் சில ஆயிரம் பேர் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் மூட்டை கட்டுகிறார்கள். போகுமிடம் கானாவாக இருக்கலாம், பெருவாக இருக்கலாம், இந்தியாவாகவும் இருக்கலாம். அனுப்புவது ‘வெல்ட்வெர்ட்ஸ்’ என்ற திட்டம். அந்நாட்டின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் தொடங்கியது. 18 முதல் 28 வயதுவரை சேரலாம். 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை என்று விதி சொன்னாலும் பெரும்பாலோர் இருப்பது ஓராண்டுதான். செலவில் முக்கால் பங்குவரை அமைச்சகம் தருகிறது. மிச்சம் அனுப்பும் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு; கிளம்பும் பிள்ளையே பாட்டி, பக்கத்துவீட்டார், தேவாலயத்தார் என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லி அதில் ஒரு பகுதியைத் திரட்டித் தருவதும் வழக்கம். தமிழ்நாட்டுக்கும் வருகிறார்கள்; ஆரோவில்லிலும், கிராமத்துத் தொண்டு நிறுவனங்களிலும் பார்க்கலாம். அவர்களை ‘உதவ வந்தவர்கள்’ என்று ஊரும் சொல்கிறது, நன்கொடை கேட்கும் துண்டறிக்கையும் சொல்கிறது. எனக்கு அதில்தான் வழக்கு. அந்த ஓராண்டு வந்தவருக்கான படிப்பு, நல்ல படிப்பும்கூட. அதைக் கொண்டுபோய் உதவிக் கணக்கில் எழுதுவதால், கற்றுக்கொடுப்பவருக்குச் சேரவேண்டியது சேராமல் போகிறது. சில இடங்களில் கெடுதலும் விளைகிறது.

ஓராண்டில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கான முகவரிச் சான்றையும் பொறுப்புக் கடிதத்தையும் அலைந்து சேர்ப்பவர் வந்தவர் அல்ல, இங்குள்ள நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். பிறகு வயிறு படுத்தும். யாராவது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ரசம் இலையைவிட்டு ஓடுவதற்குள் சோற்றைப் பிசைந்து வாயில் போடுவது எப்படி, டவுன் பஸ்ஸில் பெண்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், யாரை ‘வா’ எனலாம், யாரை ‘வாங்க’ என்றே தீர வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். அந்த ஒருவர் அநேகமாகச் சமையலறையில் இருக்கும் அம்மா. ஓராண்டுச் சேவையில் பயிற்சிக் கருத்தரங்குகளுக்கென்று 25 நாட்கள் தனியே உண்டு, விடுப்பு உண்டு, ஊர் சுற்றலும் உண்டு. கடைசி மாதம் பிரியாவிடைக்குப் போய்விடும். நடுவில் மிஞ்சுவதில் சாயங்கால டியூஷன் சென்டரில் ஆங்கிலம் கற்பிக்கச் சொல்வார்கள். ஆங்கிலம் அந்த ஜெர்மன் பெண்ணுக்கும் பள்ளியில் படித்த பாஷை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் பள்ளியில் படிக்கிற பாஷை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் வெட்கம்விட்டுப் பேச அவள் ஒரு காரணமாகலாம். ஆனால் அதே ஊரில் பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு பெண், அந்த நாற்காலியில் தனக்கு ஏன் இடமில்லை என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

அந்தக் கேள்விக்கான பதில் ஜெர்மனியிலேயே இருக்கிறது. 2011-ல் அங்கே கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டது. ராணுவத்துக்குப் போக மறுத்த இளைஞர்கள் அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் செய்துவந்த பணியும் அதோடு நின்றது. அந்த வெற்றிடத்துக்காக அரசு கூட்டாட்சித் தன்னார்வப் பணி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2013 முதல் வெல்ட்வெர்ட்ஸ் எதிர்த்திசையிலும் ஓடுகிறது; ‘தெற்கு நாடுகள்’ எனப்படும் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். அந்தச் சட்டம் இரண்டு விஷயங்களில் கறார். தன்னார்வலர் செய்வது துணை வேலையாகத்தான் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஒருவர் பார்க்கும் வேலையை அது விழுங்கிவிடக் கூடாது. அங்கும் ஆண்டுக்கு 25 கருத்தரங்கு நாட்கள். ஆகவே இங்கிருந்து பட்டம் பெற்றுப் போகிறவர்கூட அங்குள்ள மழலையர் பள்ளியில் தேர்ந்த ஆசிரியையின் பக்கத்தில் நின்று குழந்தைக்குக் கோட்டு மாட்டிவிடுவார், தட்டு கழுவுவார். வகுப்பை அவர் கையில் விடமாட்டார்கள். அங்கிருந்து பட்டமில்லாமல் வருகிறவருக்கோ இங்கே ஒரு வகுப்பையே கொடுத்துவிடுகிறோம். விதியை ஜெர்மானியர்கள் தங்கள் வீட்டுக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நம் வாசலில் அதைக் கேட்டு வாங்காதது நம் கோளாறு. வெள்ளைத் தோலுக்கு நாற்காலி இழுத்துப்போடும் பழக்கம் எளிதில் போவதில்லை.

நாற்காலியோடு போனால் பரவாயில்லை. குழந்தைகள் காப்பகம் என்று வரும்போது விஷயம் கனத்துவிடுகிறது. கம்போடியாவில் 2005-க்குப் பிறகான ஆண்டுகளில் அனாதை இல்லங்கள் மளமளவென்று பெருகின. அவற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டவர் வந்து கொஞ்சவும் நன்கொடை தரவும் குழந்தைகள் தேவைப்பட்டதால், ஏழை வீடுகளிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017-ல் இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து விசாரித்தது. அங்கே போன தன்னார்வலர்கள் கெட்டவர்கள் அல்ல, அன்பாகவே இருந்தார்கள். தாயைப் பிரிந்த ஒரு மூன்று வயதுக் குழந்தை, வருகிற ஒவ்வொருவரோடும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் இழக்கிறது என்பதுதான் சிக்கல். உதவி என்று பெயர் வைத்துவிட்டால் உதவப்படுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. படிப்பு என்று வைத்திருந்தால், பயிற்சியில்லாத ஒருவரைக் கைக்குழந்தையிடம் விடலாமா என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும்.

அப்படியானால் வரவே வேண்டாம், அந்தப் பணத்தை நேராக அனுப்பிவிடட்டும் என்று ஒரு கட்சி உண்டு. அதன் மூலபுருஷர் சிந்தனையாளர் இவான் இல்லிச். கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடம், 1968-ல், அவர்கள் கூட்டிய கூட்டத்திலேயே, உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் பயன்படாது, திரும்பிப் போங்கள் என்கிற தொனியில் பேசினார். அந்தப் பேச்சின் காரத்தை ரசிக்கிறவர்கள் அதன் முடிவைக் கவனிப்பதில்லை. சுற்றிப்பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றுதான் அவர் முடித்தார். கதவை அவர் முழுக்கச் சாத்தவில்லை. பணத்தை நேராக அனுப்பலாம் என்பதும் கேட்க நன்றாக இருக்கிறது. பேத்தியின் பயணத்துக்காகப் பாட்டி தரும் பணம், பேத்தி போகாவிட்டால் நம்மூர்த் தொண்டு நிறுவனத்துக்கு வந்துவிடுமா என்ன?

இன்னொரு கட்சி, இங்குள்ள நிறுவனங்கள் விரும்பித்தானே அழைக்கின்றன, நீ யார் நடுவில் என்று கேட்கும். நியாயம். தன்னார்வலர் ஊர் திரும்பிய பிறகு நன்கொடையாளராகிறார், நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஜெர்மனில் எழுதித் தருகிறார், பத்தாண்டு கழித்தும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார். இவை உண்மையான லாபங்கள். ஆனால் இவை எல்லாமே அவர் இங்கே கற்றுக்கொண்டதன் விளைவுகள். மாலை வகுப்பில் அவர் எடுத்த ஆங்கிலப் பாடத்தின் விளைவுகள் அல்ல. தவிர, ஒரு வேலையை அவர் தலையில் முழுசாக வைப்பது நிறுவனத்துக்கே ஆபத்து. 2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் அமெரிக்க அரசின் தன்னார்வ அமைப்பான ‘பீஸ் கோர்’, 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்த ஏறத்தாழ 7,000 தன்னார்வலர்களைச் சில நாட்களில் திரும்ப அழைத்துக்கொண்டது. 1961-ல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததில்லை. அதே மாதம் ஜெர்மனியும் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டது. அழைத்தது சரிதான், பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. ஒரு மின்னஞ்சலில் கிளம்பிவிடக்கூடியவர் எந்தப் பொறுப்பில் இருக்கலாம் என்பதை அந்த வாரம் நன்றாகக் காட்டியது.

படிப்பு என்று ஒப்புக்கொண்டால் நடைமுறை தானாக மாறும். ஒருங்கிணைப்பாளரின் அலைச்சலும் சமையலறை அம்மாவின் பாடமும் விருந்தோம்பல் என்ற பெயரில் இலவசமாகப் போகாமல், பயிற்சிக் கட்டணமாக வரவுசெலவில் ஏறும். யாரை அனுப்புவது என்பதில் இங்குள்ளவர் சொல்லுக்கு எடை வரும். ஆண்டு முடிவில் அறிக்கை எழுதுபவர் தன்னார்வலர் மட்டுமாக இருக்க மாட்டார். ‘படிக்க’ என்று சொன்னால் நன்கொடை வராது என்பார்கள். முக்கால் பங்கைத் தருவது வரிப்பணம். தன் இளைஞர்கள் உலகம் அறிய வேண்டும் என்பதற்காக ஒரு நாடு செலவழிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மீதிக்கும் பாட்டி மறுக்கப்போவதில்லை.

கூச்சப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வெல்ட்வெர்ட்ஸ் வழியாக ஜெர்மனியிலிருந்து வெளியே போனவர்கள் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேல். அதே திட்டத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் சேர்த்து உள்ளே வந்தவர்கள் சில நூறு பேர்தான். ஓராண்டு அயல்நாட்டில் இருப்பது அவ்வளவு பெரிய கல்வி என்றால், விழுப்புரத்துப் பெண்ணுக்கும் அது கல்விதான். அவள் தூதரகத்தில் முதலில் நிரூபிக்க வேண்டியதோ, ஆண்டு முடிந்ததும் கட்டாயம் ஊர் திரும்பிவிடுவாள் என்பதை.