பழுதான வாகனமும் திறவாத வாயும்

புதிதாகக் கார் வாங்கும் எம்மவர் முதலில் ஓட்டிச் செல்லும் இடம் கோயில். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு ஞாயிறு காலை நின்று பார்த்தால், சந்தனமும் குங்குமமும் இட்ட வாகனங்களையும், அவற்றின் நான்கு சில்லுகளின் கீழும் வைக்கப்பட்ட தேசிக்காய்களையும் காணலாம். ஐயர் தீபம் காட்டுவார், கார் மெல்ல முன்னே நகரும், தேசிக்காய்கள் நசுங்கும், கண்ணூறு கழிந்தது என்று வீட்டார் மனநிறைவு அடைவர். ஆனால் இந்நாட்டு ஆங்கில வழக்கிலே, திரும்பத் திரும்பப் பழுதாகும் காருக்கு 'லெமன்', அதாவது தேசிக்காய் இனத்துப் பழம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சில்லின் கீழ் இருந்ததை நசுக்கிவிட்டு, சில்லின் மேல் இருப்பதை வீட்டுக்கு ஓட்டிவந்த அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு.

ஸ்ரௌவ்வில்லில் குடியிருப்பவருக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. ஸ்காபரோவில் வீட்டு வாசலில் பேருந்து வரும். இங்கோ மார்க்கத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிப்பவர் பெப்ரவரிக் குளிரில் பேருந்தை நம்பி நிற்க இயலாது. பிள்ளைகளின் பள்ளி, முதியோரின் வைத்தியர், வாராந்தக் கடைச் சாமான் எல்லாம் நான்கு சில்லுகளின் மீதே நடைபெறுகின்றன. கார் நின்றால் வேலை நிற்கும்; வேலை நின்றால் வீட்டுக் கடன் நிற்காது.

2016 ஆம் ஆண்டு இளவேனிலில், 60,000 கிலோமீற்றர் ஓடிய, 2014 ஆம் ஆண்டு உற்பத்தியான ஏழு இருக்கை வான் ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். இது எந்த நிறுவனத்திலும் நிகழக்கூடியது. 2017 இன் தொடக்கத்தில் கியர்பெட்டி முதன்முறை பழுதானது. உத்தரவாதக் காலம் இருந்தபடியால் பணமின்றித் திருத்தித் தந்தார்கள். 2018 மே மாதம் இரண்டாம் முறை. கிலோமீற்றர் எல்லையைக் கடந்துவிட்டதாகச் சொன்னதுடன், "நீங்கள் ஓட்டும் முறையாலேதான் இது பழுதாகிறது" என்றும் முகவர் நிலையத்தில் இருந்த இளைஞர் சொன்னார். இருபது ஆண்டுகள் மாணவரைக் கேள்வி கேட்டுப் பழகிய நான், அந்த இளைஞரிடம் ஒரு கேள்வியும் கேளாமல் தலை குனிந்து பணத்தைக் கட்டினேன். 2020 பெப்ரவரியில் மூன்றாம் முறை. வேலை முடிந்த மனைவியை ஏற்றிக்கொண்டு 48 ஆம் நெடுஞ்சாலையில் வரும்போது, இயந்திரம் உறுமியது, வண்டி நகரவில்லை. இம்முறை கேட்கப்பட்ட தொகை 4,800 டொலர்.

இனி நான் எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று. அந்த வானை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன். நிறுவனத்துடன் மோதுவதைவிட அது எளிதாகத் தோன்றியது. அறிந்த மெக்கானிக் ஒருவர், சில நூறு டொலருக்குக் கியர்பெட்டியை "கொஞ்சக் காலம் ஓடச்" செய்து தருவதாகச் சொன்னார். வாங்குவதற்கு ஆளும் வந்தது: கனடாவுக்கு வந்து ஓராண்டு ஆகாத ஓர் இளம் குடும்பம், நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள், கைக்குழந்தை வேறு. "மாஸ்டர், நீங்கள் சொன்னால் சரி" என்று முற்பணம் தர வந்தார் அந்தப் பிள்ளை. அன்றிரவு மனைவி கேட்டார்: "உங்களிட்டைப் படிச்ச பொடியன் வந்து நின்றாலும் இதை விப்பியளோ?" அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையை அழைத்து உள்ளதைச் சொல்லி அனுப்பினேன்.

இதனை ஏன் எழுதுகிறேன் என்றால், இது என் வீட்டுக் கதை மாத்திரம் அன்று. செய்தவர் பொறுப்பேற்பதில்லை, விற்றவர் கையை விரிக்கிறார், வாங்கிய நாங்கள் வாய் திறப்பதில்லை, வாய் திறவாத நாங்கள் அப்பழுதை எம்மிலும் புதியவர் தலையில் இறக்கி வைக்கிறோம். இறுதியில் முழுச் சுமையையும் சுமப்பவர், மொழியும் பணமும் உறவும் மிகக் குறைந்த குடும்பத்தினர். எமது மௌனத்துக்கான விலையைச் செலுத்துபவர் எம்மவரே.

தானியங்கிக் கியர்பெட்டியின் உள்ளே நிகழ்வது பலருக்குத் தெரியாது. தெரியாமையே எமது அச்சத்துக்கு முதற் காரணம். இயந்திரத்தின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கடத்தும் அப்பெட்டிக்குள் பற்சில்லுத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விடுவித்தும் இயக்கும் கிளச்சுத் தட்டுகளும் ஒயிலில் மூழ்கியிருக்கின்றன. அந்த ஒயிலே அழுத்தத்தைத் தருகிறது. அதுவே சூட்டையும் தணிக்கிறது. சூடு மிஞ்சினால், அல்லது பொருந்தாத ஒயில் ஊற்றப்பட்டால், தட்டுகள் வழுக்கித் தேயும். வடிவமைப்பிலேயே குறை இருந்தால், ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் பயனில்லை.

இதற்குச் சான்றுகள் உள்ளன. வின்ட்சர் நகரில் உற்பத்தியாகி எம்மவர் பலரின் முதற் குடும்ப வாகனமாக அமைந்த கிறைஸ்லர் வான்களில், 1989 ஆம் ஆண்டு மொடலுடன் கணினிக் கட்டுப்பாடுடைய நான்கு கியர்ப் பெட்டி வந்தது. அதற்கென்று தனி ஒயில் வேண்டியிருந்தது. வழக்கமான ஒயிலை ஊற்றியவர்களின் பெட்டிகள் அதிர்ந்து பழுதாயின. பின்னர் ஹொண்டா. இங்கிருந்து அதிக தூரமில்லாத அலிஸ்ரனில் அப்போது உற்பத்தியான ஒடிசி வானும் அடங்கலாக, அமெரிக்காவில் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களை 2004 ஆம் ஆண்டு அந்நிறுவனம் திருப்பி அழைத்தது. இரண்டாம் கியரிற் சூடு மிகுந்து பற்கள் உடையலாம் என்பதே காரணம். பெயர் பெற்ற நிறுவனமாயினும் பிழை நேரும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

யாவற்றிலும் மேலான பாடம் ஃபோர்ட் நிறுவனத்தின் 'பவர்சிப்ற்' என்னும் இரட்டைக் கிளச்சுப் பெட்டியில் உள்ளது. போகஸ், பியெஸ்ரா முதலிய சிறு கார்களில் அது பொருத்தப்பட்டது. கார்கள் நடுங்கின, வேகம் எடுக்கத் தயங்கின. அவுஸ்திரேலியாவில் முறையிட்டவர்களிடம், அது அவர்கள் ஓட்டும் முறையின் விளைவு என்று சொல்லப்பட்டது. அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. முறைப்பாடுகளைக் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று சமஷ்டி நீதிமன்றம் 2018 ஏப்பிரலில் ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டிற்றோயிற் ஃபிறீ பிறெஸ் பத்திரிகை, குறை இருப்பதை அறிந்தே அக்கார்கள் சந்தைக்கு விடப்பட்டன என்று நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் காட்டி எழுதியது. "நீங்கள் ஓட்டும் முறை" என்று எனக்குச் சொல்லப்பட்ட அதே வாசகம், உலகின் மறுகோடியில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது! ஆகவே இது எமது நிறத்துக்கோ, எமது உச்சரிப்புக்கோ மட்டும் கிடைக்கும் விடையன்று. வேறுபாடு ஒன்றே: அவர்கள் அதனை நம்பவில்லை, எழுதி வைத்தார்கள், ஒன்றாக முறையிட்டார்கள்.

கனடாவிலும் இவ்வழி புதியதன்று. அமெரிக்காவில் பிறந்து கியூபெக்கிற் குடியேறிய பில் எட்மன்ஸ்ரன் என்பவர் 1960களின் பிற்பகுதியில் மொன்றியலில் வாகன உரிமையாளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். துருப்பிடித்த கார்களின் சொந்தக்காரரைத் திரட்டி நிறுவனங்களுடன் போராடினார். 'லெமன் எயிட்' என்னும் வழிகாட்டி நூல்களை ஆண்டுதோறும் எழுதி, நிறுவனங்கள் கேட்பவருக்கு மட்டும் ஓசைப்படாமல் வழங்கும் நீட்டித்த உத்தரவாதங்களை யாவரும் அறியச் செய்தார். 1990 இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். 2022 இல் அவர் காலமானார். அவரும் இந்நாட்டுக்கு வந்தேறியவரே என்பதை நினைவிற் கொள்வோமாக.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பழுதுக்கு அஞ்சியவர்கள் அல்லர். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் ஓடவைத்த மெக்கானிக்குகள் எம்மிடையே இருந்தார்கள். அங்கே அறிவு கையில் இருந்தது. இங்கே அறிவு கடதாசியில் இருக்கவேண்டும். பற்றுச்சீட்டு, திகதி, கிலோமீற்றர், பேசியவரின் பெயர் ஆகியவையே இந்நாட்டில் எமது கருவிகள்.

எம்மவர் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மாநிலங்களில் 1982 இல் கனெற்றிக்கற் தொடங்கி வைத்தது போன்ற 'லெமன்' சட்டம் ஒன்ராறியோவில் இல்லை. கனடாவில் கியூபெக் மாகாணமே 2023 இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. எனினும் நாம் கைவிடப்பட்டவர்கள் அல்லர். 1994 முதல் இயங்கும் கனடிய மோட்டார் வாகன நடுத்தீர்ப்புத் திட்டம், நடப்பு ஆண்டும் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளும் சேர்ந்த மொடல்களை, 160,000 கிலோமீற்றருக்கு உட்பட்டிருப்பின், ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அதில் இணைந்துள்ளன. எமக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆகவே அதே விடயத்துக்குப் பின்னர் நீதிமன்றம் செல்ல இயலாது. 2018 இல் என் வான் இத்திட்டத்துக்கு உட்பட்டிருந்தது. 2020 இல் காலம் கடந்துவிட்டது. தலை குனிந்து கட்டிய அந்த ஒரு நாளில் நான் இழந்தது பணத்தை மட்டுமன்று.

சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தின் எல்லை 2025 ஒக்டோபரில் 50,000 டொலராக உயர்த்தப்பட்டது. பழுது தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். இனித் திருத்துமிடம்: செலவு மதிப்பீட்டை எழுத்திற் கேளுங்கள். அம்மதிப்பீட்டைவிடப் பத்து வீதத்துக்கு மேல் அறவிட ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்காது. திருத்தத்துக்கும் புதிய உதிரிப்பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கழற்றிய பாகத்தைத் தரும்படி கேட்கலாம். பாவித்த வாகனம் வாங்குவோரே, பாதுகாப்புச் சான்றிதழ் என்பது கியர்பெட்டிக்கான உத்தரவாதம் அன்று. உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் காட்டிய பின்னரே காசைக் கொடுங்கள்.

"எதற்கு வம்பு? இது எங்கட நாடோ?" என்று சிலர் கேட்பர். தஞ்சக் கோரிக்கை முடியாத குடும்பங்கள் இன்னும் அஞ்சுவர். குறைபட்ட பொருளைப் பற்றி அதை விற்றவரிடம் முறையிடுவது குற்றமன்று. அது உங்கள் அகதிக் கோரிக்கையுடன் தொடர்புடையதும் அன்று. வாடகை கட்டுபவரும் வரி கட்டுபவரும் விலை கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கலாம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லாப் பழுதும் நிறுவனத்தின் பிழையன்று. ஐந்து டொலர் மிச்சம் பிடிக்கப் பொருந்தாத ஒயிலை ஊற்றுகிறோம். ஏழு பேருக்கான வானில் பத்துப் பேரை ஏற்றுகிறோம். கைப்புத்தகத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. காசுக்குச் செய்வித்த வேலைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. எமது வீட்டைக் கூட்டாமல் அடுத்தவர் முற்றத்தைக் குறை சொன்னால் வழக்கு நிலைக்காது.

என் வான் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று பழுதுகளின் திகதியும் கிலோமீற்றரும் செலவும் ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்து, நிறுவனத்தின் கனடியத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோபச் சொல் ஒன்றும் எழுதவில்லை. ஐந்து கிழமைகளில் விடை வந்தது. பொறுப்பை ஏற்கவில்லை, ஆயினும் 'நல்லெண்ணத்தின் பேரில்' உதிரிப்பாகச் செலவையும் கூலியிற் பாதியையும் ஏற்றுக்கொண்டார்கள். முழு நீதியன்று. ஆனால் ஒரு கடிதத்துக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால், ஒரே மொடல் வைத்திருக்கும் எம்மவர் இருபது பேர் ஒன்றாக எழுதினால் என்னவாகும்?

எமது சங்கங்களும் கோயில்களும் பழைய மாணவர் அமைப்புகளும் மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். ஆங்கிலம் தெரிந்த இருவர் அமர்ந்து புதியவர்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக அலைக்கழிக்கும் நிலை அதனால் ஓரளவு குறையும். ஸ்ரௌவ்வில்லில் அத்தகைய மாலை தொடங்குமாயின், முதல் மேசையில் அமர நான் ஆயத்தம்.

தேசிக்காயைச் சில்லின் கீழ் வையுங்கள். வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். எமக்குப் பின் வந்தவனின் கையில் மட்டும் அதை வைக்காதீர்கள்.