'ஆம்' என்றவர்கள் யார் யார்?

லக்னோ தொகுதியில் 1967ல் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் ஆனந்த் நாராயண் முல்லா. அலகாபாத் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி, உருதுக் கவிஞர். கட்சி பலம் கிடையாது. ஆனாலும் அவர் கொண்டுவந்த மசோதா ஒன்று 1970ல் சட்டமானது. கீழ் நீதிமன்றம் விடுவித்த ஒருவரை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி ஆயுள் தண்டனையோ, 10 ஆண்டுகளுக்குக் குறையாத சிறையோ விதித்தால், அவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது உரிமை என்றது அந்தச் சட்டம். அதுவரை அந்த உரிமை தூக்குத் தண்டனைக்கு மட்டுமே இருந்தது. சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்து, இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான கடைசி மசோதாவும் அதுதான். சுதந்திரத்துக்குப் பின் அப்படிச் சட்டமானவை மொத்தம் 14. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

தமிழில் இதைத் 'தனிநபர் மசோதா' என்கிறோம். ஏதோ சொந்த விவகாரம் போல ஒலிக்கிறது. நாடாளுமன்றமும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறது. ஒதுக்கியிருப்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம். உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரம். பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகத்தோடு சரி. விவாதம் வரை வந்தால், அமைச்சர் எழுந்து கேட்டுக்கொள்வார். உறுப்பினர் வாபஸ் பெறுவார். திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது கரைசேரவில்லை. 2019ல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கியபோது, சிவா கேட்டிருந்த 2 சதவீத இட ஒதுக்கீடு அதில் இல்லை.

எம்.பி. என்ன மசோதா கொண்டுவந்தார் என்பதாவது ஆவணங்களில் கிடைக்கும். எப்படி ஓட்டுப் போட்டார் என்று தேடினால்தான் திண்டாட்டம். பெரும்பாலான சட்டங்கள் நிறைவேறுவது குரல் வாக்கெடுப்பில். 'ஆம்', 'இல்லை' என்று கூச்சல் எழும். எது பலமென்று அவைத் தலைவரின் காது தீர்மானிக்கும். யார் பெயரும் பதிவாகாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, எதிர்க்கட்சியினர் ஓட்டுகளை எண்ணச் சொன்னார்கள். அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பிலேயே காரியம் முடிந்தது. விவசாயிகளை ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் உட்காரவைத்து, 2021ல் ரத்தான சட்டங்கள் அவை. மாநிலங்களவையில் எந்த உறுப்பினர் ஆதரித்தார் என்று பதிவேட்டைப் புரட்டிச் சொல்ல வழியில்லை.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இந்த வசதி கிடையாது, எண்ணித்தான் ஆகவேண்டும். 2023ல் மகளிர் இட ஒதுக்கீடு மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவர் யார் என்று நாடே அறியும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் என்று பொத்தான்கள் இருக்கையிலேயே இருக்கின்றன. எந்த மசோதாவானாலும் கடைசிக் கட்டத்தில் அதை அழுத்தியாக வேண்டும் என்று விதியைத் திருத்த என்ன தடை? சில நிமிட வேலை.

கட்சி சொன்னபடிதானே அழுத்துவார்கள் என்பீர்கள். உண்மைதான். 1985ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி போகலாம். ஓட்டளிக்காமல் ஒதுங்கினாலும் அதே கதிதான். கொறடா என்றால் சவுக்கு; பொருத்தமான சொல்! ஆனால், சவுக்குக்குப் பயந்து தன் தொகுதிக்கு எதிராகவே ஓட்டளித்தவர் யார் என்பதாவது வாக்காளருக்குத் தெரிய வேண்டாமா?

அந்தச் சவுக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம், அரசு கவிழும் தீர்மானங்களுக்கும் நிதி மசோதாக்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று 2010ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி ஒரு மசோதா கொண்டுவந்தார். அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி. மசோதா சட்டமாகவில்லை. 2021ல் மீண்டும் கொண்டுவந்தார், எதிர்க்கட்சி வரிசையிலிருந்து.