கோடு போட்டால் மட்டும் போதுமா?

2001-ம் ஆண்டு, ஜூலை 18. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஹோவர்ட் தெருவுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் 60 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. ரசாயனம் ஏற்றிய பெட்டிகளும் அதில் இருந்ததால் தீ பற்றிக்கொண்டது. முழுதாக அணைக்கச் சில நாட்கள் ஆயின. இதற்கிடையே, அந்த ஊருக்கு வெளியே இருந்தவர்களுக்கும் இன்டர்நெட் மந்தமாகிப் போனது.

ரயில் கவிழ்ந்தால் இன்டர்நெட்டுக்கு என்ன? அதே சுரங்கத்துக்குள்தான் பல தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஃபைபர் கேபிள்களும் போயின. ஒவ்வொரு நிறுவனத்தின் வரைபடத்திலும் அது தனிக் கோடு. எல்லா வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், அத்தனை கோடுகளும் ஒரே சுரங்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போவது தெரியும்.

நெட்வொர்க்குகளுக்கு இடையிலான இணைப்புகளை மாதிரியாக வரைபவர்களுக்கு இது முதல் பாடம். எதை வரையப் போகிறோம், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்யாமல் பேனாவை எடுத்தால், படம் அழகாக இருக்கும், ஆபத்துக்கு உதவாது.

புள்ளி எது? கோடு எது?

இன்டர்நெட் என்பது ஒரே பெரிய வலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் கைகோத்து நிற்கும் கூட்டம். இணைய சேவை நிறுவனங்கள், பெரிய வங்கிகள், பல்கலைக்கழகங்கள் எனப் பலருக்கும் சொந்த நெட்வொர்க் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண்ணும் உண்டு.

‘இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா? என் வழியாக வாருங்கள்’ என்று இவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைக்குப் பெயர் பிஜிபி. 1989-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கிர்க் லோஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள், மதியச் சாப்பாட்டின்போது கைதுடைக்கும் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்த யோசனை அது. இன்றும் உலகம் அதன் வழியில்தான் ஓடுகிறது.

இப்போது படம் வரையுங்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரு புள்ளி வைக்கலாமா? அந்த நிறுவனத்துக்கு நூறு ஊர்களில் கருவிகள் இருந்தால் அந்த ஒரு புள்ளி நூறு ஊர்களையும் மறைத்துவிடும். சரி, கருவிக்கு ஒரு புள்ளி வைக்கலாமா? லட்சக்கணக்கான புள்ளிகளில் கண்ணே கட்டிவிடும். எது சரி என்பதை நம் கேள்விதான் சொல்ல வேண்டும்.

வாசல் இருந்தால் வழி உண்டா?

சில பழைய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் போய் வருவார். அதற்காகத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் கூடத்துக்குள் புகுந்து குறுக்கே நடந்தால் விடுவாரா?

நெட்வொர்க்கிலும் அப்படித்தான். இரண்டு பெரிய நிறுவனங்களிடம் காசு கொடுத்து இணைப்பு வாங்கும் ஒரு சின்ன நெட்வொர்க், அந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக இருக்காது. கோடு இருக்கிறது, அனுமதி இல்லை. அதனால் யார் வாடிக்கையாளர், யார் விற்பவர், யார் காசு வாங்காமல் சமமாகப் பரிமாறிக்கொள்பவர் என்ற உறவும் படத்தில் வேண்டும். வெளியே தெரியும் வழித்தடங்களை வைத்தே இந்த உறவுகளைக் கணிக்கும் முறை ஒன்றை 2001-ல் லிக்ஸின் காவ் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். கணிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை.

கேபிள் அறாமலே ஒரு முடக்கம்

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் தளம் உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் எட்டாமல் போனது. எந்தக் கேபிளும் அறுந்திருக்கவில்லை. பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க உத்தரவு வந்திருந்தது. அதற்காக பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டுக்குள் போட்ட வழிக்குறிப்பு வெளியே கசிந்துவிட்டது. யூடியூப் சொல்லி வந்ததைவிட அது துல்லியமான முகவரி. துல்லியமான முகவரிக்கே முன்னுரிமை என்பது விதி. சரிபார்க்காமல் ஒருவர் நம்ப, அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள்.

கேபிள்களை மட்டும் காட்டும் படத்தில் அன்று எல்லாமே நன்றாகத்தான் இருந்திருக்கும். ‘யார் சொல்வதை யார் சரிபார்க்காமல் ஏற்கிறார்’ என்பதைக் காட்டும் படம்தான் அன்று தேவைப்பட்டது.

வரையும் முன் கேட்க வேண்டியவை

* இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்?
* ஒரு புள்ளி என்பது நிறுவனமா, கட்டடமா, கருவியா?
* ஒரு கோடு என்பது கேபிளா, அதன் கொள்ளளவா, ஒப்பந்தமா?
* எந்தெந்தக் கோடுகள் ஒரே குழாய், பாலம், சுரங்கம் வழியாகப் போகின்றன?
* இது எந்தத் தேதி நிலவரம்? வழித்தடங்கள் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கின்றன.
* நமக்குத் தெரியாத இணைப்புகள் எங்கே இருக்கலாம்? அந்த இடத்தைக் காலியாக விடாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். ‘ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்’ என்று கிளினிக்குகளும் கடைகளும் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகின்றன. இரண்டு பில், இரண்டு மோடம். ஆனால் இரண்டு வயரும் தெருமுனையில் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரு லாரி இடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் வேகம் எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே, ‘வயர் எந்த வழியாக வருகிறது?’ என்றும் கேட்டு, ஒரு காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.