கருவிக்குக் குளிர்ச்சி வேண்டுமாம், ஜவானுக்கு வேண்டாமா?

சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆவடி வந்துவிடும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, "சோஷலிச பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டதே, அதே ஆவடிதான். இன்று திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது.

இந்த ஊரில் ராணுவத்துக்காக இரண்டு சாமான்கள் தயாராகின்றன. ஒன்று டாங்கி. மற்றொன்று சட்டை.

கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் "விஜயந்தா" என்ற முதல் டாங்கி உருண்டு வெளியே வந்தது. பிறகு டி-72 வந்தது, டி-90 வந்தது, இங்கேயே வரைபடம் போட்டு உருவாக்கிய "அர்ஜுன்" வந்தது. பக்கத்திலேயே ராணுவ உடைத் தொழிற்சாலை. ஜவான்கள் உடுத்தும் உடுப்பு அங்கே தைக்கப்படுகிறது.

டாங்கிகளில் பெரும் பகுதி போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது ராஜஸ்தான் பாலைவனம். அங்கே அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்காரும் மனிதனின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது? டாங்கியின் பீரங்கி எத்தனை தூரம் சுடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். உள்ளே இருப்பவன் எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறான் என்பது யாருக்காவது தெரியுமா?

வெயிலும் மணலும்

ராஜஸ்தானத்தில் பலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19-ந் தேதி அங்கே வெயில் 51 டிகிரி. இந்தியாவில் அதுவரை பதிவான உஷ்ணத்தில் அதுவே அதிகம். இது நிழலில் அளந்த கணக்கு. வெயிலில் நிற்கும் இரும்பின் மேல் கை வைத்தால் தோல் வழன்றுவிடும்.

டி-90 டாங்கிக்குள் மூன்று பேர். அர்ஜுனில் நான்கு பேர். மேல்மூடியைச் சாத்திவிட்டால் காற்றுக்கு வழி குறைவு. எஞ்சின் ஒருபுறம் தகிக்கும். சுடச் சுட பீரங்கி ஒருபுறம் கொதிக்கும். காதில் ஒலிக்கருவி, உடம்பில் கனத்த உடுப்பு. இந்தக் கோலத்தில்தான் ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும். ஒருவர் குறி பார்க்க வேண்டும். ஒருவர் உத்தரவு போட வேண்டும்.

பொழுது விடியுமுன்பே எழுந்து வேலையை முடித்துக்கொள்வது அங்கே வழக்கம். உச்சி வேளையில் வலையைப் போர்த்து டாங்கியை மறைத்து, அதன் நிழலிலேயே ஒதுங்க வேண்டும். ஈரக் கித்தான் பையில் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டால்தான் தொண்டைக்கு இதமாக இருக்கும். புழுதிக் காற்று கிளம்பினால் சோற்றிலும் மண், ரொட்டியிலும் மண். காலையில் பூட்ஸை உதறாமல் போட்டால் உள்ளே தேளோ விரியனோ இருக்கக்கூடும். மார்கழி, தை மாத இரவுகளிலோ பல் கிட்டும் குளிர்!

யுத்தம் நடந்தால்தான் இந்த அவஸ்தை என்பதல்ல. 2001 டிசம்பரில் பார்லிமெண்ட் கட்டடம் தாக்கப்பட்டதும், நமது சேனை எல்லையில் போய் நின்றது. 2002 அக்டோபரில்தான் திரும்ப உத்தரவாயிற்று. இடையில் ஒரு முழுக் கோடைகாலம்! யுத்தமே நடக்கவில்லை, ஆனால் வெயில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

தாகத்துக்குப் பயிற்சி இல்லை

"சிப்பாய் என்றால் கஷ்டப்படத்தான் வேண்டும். சொகுசு கொடுத்தால் கெட்டுப் போவான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

முதல் உலக யுத்தத்தின்போது, 1917 ஜூலையில், மெசபடோமியாவில் ரமாதி என்ற ஊரைப் பிடிக்க பிரிட்டிஷ் படை புறப்பட்டது. இன்றைய ஈராக்கில் இருக்கிறது அந்த ஊர். முயற்சி தோற்றது. படையில் ஏற்பட்ட சேதத்தில் பாதிக்கு மேல் வெயிலால் விளைந்தது. துருக்கியரின் குண்டை விட சூரியன்தான் அதிகம் பேரைச் சாய்த்தது!

இரண்டாம் உலக யுத்த சமயத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அடால்ஃப் என்ற விஞ்ஞானி இதையே ஆராய்ந்தார். அதுவரை தளபதிகள், "கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கப் பழக்கினால் சிப்பாய்க்கு அதுவே பழகிவிடும்" என்று நம்பியிருந்தார்கள். அடால்ஃபும் அவரது சகாக்களும் பாலைவனத்தில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். வெயிலைத் தாங்க உடம்பு சில நாட்களில் ஓரளவு பழகும். தாகத்துக்குப் பழகவே பழகாது என்று தெரிந்தது. குடிக்காதவன் வியர்ப்பதை நிறுத்துவதில்லை. விரைவில் சோர்ந்து விழுகிறான்.

கடும் வெயிலில் உழைப்பவனுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் வற்றினாலே கவனம் சிதறத் தொடங்குகிறது. குறி பார்ப்பவனுக்குக் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியும் தண்ணீரும் சொகுசு அல்ல. துப்பாக்கி மருந்தைப் போல அவையும் யுத்த தளவாடமே.

கருவி முரண்டு பிடித்தது

2001-ல் ரஷ்யாவிடமிருந்து 310 டி-90 டாங்கிகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. அவற்றில் 186 ஆவடியில் பூட்டி முடிக்க வேண்டியவை. டாங்கி நல்ல டாங்கிதான். ஆனால் இரவிலும் குறி பார்க்க உதவும் கருவி ராஜஸ்தான் உஷ்ணத்தில் கோளாறு செய்யத் தொடங்கியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. டாங்கிக்குள் குளிரூட்டும் சாதனம் வேண்டும் என்ற பேச்சும் பலமாகக் கிளம்பியது.

வேடிக்கையைப் பாருங்கள்! கருவியால் வெயிலைத் தாங்க முடியவில்லை என்றதும் நாடே கவலைப்பட்டது. அந்தக் கருவிக்குப் பக்கத்தில், அதே உஷ்ணத்தில், ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். கருவி முரண்டு பிடித்து நின்றுவிட்டது, அதனால் கவனிக்கப்பட்டது. ஜவான் முரண்டு பிடிக்கவில்லை. "உத்தரவு" என்று சொல்லி வேலை செய்தான்.

அவன் முறையிடாததால் அவனுக்குக் குறையே இல்லை என்று நாம் எண்ணிவிடலாமா?

குளிரூட்டும் சாதனம் இடத்தை அடைக்கும், எடையைக் கூட்டும், எஞ்சின் சக்தியில் ஒரு பங்கைத் தின்னும். நிபுணர்கள் கூறும் இந்த ஆட்சேபம் நியாயமானதே. அதனால்தான் அதைப் பின்னால் ஒட்டுப் போடும் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் வரைபடத்திலேயே பீரங்கிக்கு இடம் ஒதுக்குவது போல, மனிதனின் மூச்சுக்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும்.

ஜில்லாவின் கடமை

2021 பிப்ரவரி 14-ந் தேதி சென்னையில் அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியைப் பிரதமர் நரேந்திர மோடி ராணுவத்திடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ஆவடிக்கு உத்தரவு வந்தது. மதிப்பு 7,523 கோடி ரூபாய். ஒரு டாங்கிக்கு 60 கோடிக்கு மேல் ஆகிறது. இவ்வளவு செலவு செய்கிற நாடு, உள்ளே இருப்பவன் தெளிந்த புத்தியோடு இருக்க ஆகும் செலவுக்குக் கணக்குப் பார்க்கலாமா?

2021-ல் ராணுவத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது, ஆவடி உடைத் தொழிற்சாலை சேர்ந்த கம்பெனிக்கு "ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். துருப்புகளின் சௌகரியம் என்று பொருள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயர் சட்டைத் துணியிலும் தெரிய வேண்டும்.

உஷ்ணம் என்றால் என்ன என்று திருவள்ளூர் ஜில்லாவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகள் இருக்கின்றன. உலை முன் நிற்கும் தொழிலாளியைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார். ஆனால் ஷிப்டு முடிந்தால் அவர் வீட்டுக்குப் போய் தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். டாங்கிக்காரனுக்கு ஷிப்டும் கிடையாது, குடமும் கிடையாது.

ஒரு யோசனை. சோதனைக்காக விஞ்ஞானிகள் பாலைவனத்துக்குப் போகிறார்கள். தகடு பற்றவைக்கும் தொழிலாளியையும், சட்டை தைக்கும் தொழிலாளியையும் சிறு சிறு குழுவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் அழைத்துப் போகட்டும். ஒரு நாள் ஜவானோடு டாங்கிக்குள் உட்காரட்டும். "எந்த இடத்தில் சுடுகிறது? தையல் எங்கே உராய்கிறது? தண்ணீரை எங்கே வைக்கிறாய்?" என்று நேரில் கேட்கட்டும். மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குகிற ஜவான், தன்னைப் போல உழைத்துப் பிழைக்கும் மனிதனிடம் மனம் விட்டுச் சொல்வான். ஆயிரம் பைல்கள் சொல்லாத விஷயம் அந்த ஒரு பகலில் தெரிந்துவிடும்.

நாட்டைக் காக்கிறவனை மாலை போட்டு வாழ்த்துகிறோம். வாழ்த்து வேண்டியதுதான். ஆனால் 50 டிகிரி வெயிலில் மாலை வாடிவிடும். குளிர்ந்த காற்றும் ஒரு செம்பு தண்ணீரும் அவனுக்கு முதலில் போய்ச் சேரட்டும்.