பாஸ்வேர்டு போட்டால் சந்தேகமா?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று எந்தப் பட்டறையின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நேராக டெஸ்க்டாப் வந்து நிற்கும். பாஸ்வேர்டு கேட்காது. ஏன் என்றால், "எல்லாம் நம்ம பசங்கதானுங்க, அவங்களுக்குப் போய்ப் பூட்டா?" என்பார் முதலாளி. பாஸ்வேர்டு வைப்பது வேலை செய்கிறவரைச் சந்தேகப்படுவது என்ற எண்ணம் கொங்குத் தொழில் வட்டாரத்தில் ஊறிக் கிடக்கிறது. அதே முதலாளி பீரோ சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. அதை யாரும் சந்தேகம் என்று சொல்வதும் இல்லை.

சர்வீஸுக்கு வருகிற பையன் விண்டோஸ் செட்டிங்கில் ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டுப் போகிறான். அதோடு லாகின் திரை போய்விடுகிறது. அப்புறம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர்தான் முதலாளி. பிரவுசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு தானாக வந்து நிரம்பும். மெயில் திறந்தே கிடக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலையில் செருகியது சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். அதன் பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டில். அந்தக் கையெழுத்தின் ரகசிய சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு.

ஆனால் என் கோபம் முதலாளிக்கு வரும் நஷ்டத்தைப் பற்றியது அல்ல. ஒரு பில் திருத்தப்படுகிறது, அல்லது ஒரு கொட்டேஷன் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுகிறது என்று வையுங்கள். முதல் கேள்வி யாரிடம் போகும்? பி.காம். முடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து பில் போடும் அந்தப் பெண்ணிடம்தான். "நான் செய்யலைங்க" என்பதைத் தவிர அவளிடம் வேறு சாட்சி இல்லை. அவள் பெயரில் தனிக் கணக்கு இருந்திருந்தால், எந்தக் கணக்கு எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்ற விண்டோஸ் பதிவே அவளுக்காகப் பேசியிருக்கும். எல்லாரும் ஒரே பெயரில் புழங்கும் இடத்தில் நிரபராதி என்று காட்ட வழியே கிடையாது.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அங்கேயும் ஒரே யூசர் பெயரில் நான்கு பேர் பதிவு போட்டால், திருத்தியது எப்போது என்று தெரியும். யார் என்று தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களின் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் நகலும் பிஎஃப், இஎஸ்ஐக்காக இந்த மெஷினில்தான் கிடக்கின்றன. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டு அதைத் திறந்து போடவில்லை. "நம்ம பசங்க" கணக்கில் அவர்கள் இல்லையா?

பாஸ்வேர்டு மறந்துபோகும், நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் சாக்கு. நான்கு இலக்கப் பின் போதும். டீ குடிக்க எழும்போது விண்டோஸ் கீயோடு எல் எழுத்தை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். லாகின் மட்டும் எல்லாவற்றையும் காக்கும் என்று நான் சொல்லவில்லை. என்கிரிப்ஷன் போடாத ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் உள்ளே இருப்பது அத்தனையும் படிக்கக் கிடைக்கும். அதற்கு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்ய வேண்டும். அதற்காக வாசலைத் திறந்து போடலாம் என்று ஆகாது.

முதலாளிமாரே, இந்த வாரமே ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுங்கள். அட்மின் உரிமை உங்களோடு இருக்கட்டும், மற்றவர்களுக்குச் சாதாரண யூசர் கணக்கு போதும். உங்கள் மகன் ஆபீஸுக்கு வந்தாலும் அவனுக்கும் தனிக் கணக்குதான். டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள், மானிட்டரில் ஒட்டிய சீட்டை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.