கெல்டாய்க்கு இன்னொரு பொருள் உண்டு

மலாய்ப் பாடத்தில் ‘கெல்டாய்’ என்ற சொல் வரும்போது மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் திணறவே வேண்டாம். நம்முடைய கழுதைதான் அது. கப்பலும் கடையும் திரையும் மலாயில் குடியேறியதுபோல இதுவும் தமிழிலிருந்து போய்ச் சேர்ந்த சொல். பட அட்டையைக் காட்டி, விலங்கின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் இன்று மலாய் நாளிதழ்களில் இந்தச் சொல் விலங்கைக் குறிக்கத்தானா வருகிறது?

விலங்கின் பெயர் வேறு பொருளுக்கும் தாவுவது ஸ்பானிய மொழி படிப்பவர்களுக்கும் பழக்கமான அனுபவம்தான். அங்கே கழுதை ‘புர்ரோ’. மந்தபுத்திக்காரனைத் திட்டவும் அதே சொல்தான். மெக்சிகோவில் துணி தேய்க்கும் மேசைக்கும் அதுதான் பெயர். ரொட்டிக்குள் அவரையும் இறைச்சியும் சுருட்டித் தரும் ‘புர்ரித்தோ’வுக்குக் குட்டிக் கழுதை என்று பொருள். கோவேறு கழுதையைக் குறிக்கும் ‘மூலா’ இன்னும் இருண்டது: போதைப்பொருளை உடம்பில் மறைத்து எல்லை கடத்துபவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதே வழக்கம். மலாயில் கோவேறு கழுதைக்குப் பதில் கழுதையே வந்து ‘கெல்டாய் டாடா’ ஆயிற்று. பின்னாளில், மோசடிப் பணம் கைமாற இரவல் தரப்படும் வங்கிக் கணக்கைக் குறிக்கும் ‘அக்காவுன் கெல்டாய்’ என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த இரண்டாவது சொல்லைத்தான் பேராக் மாநிலத்தின் லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பிள்ளைகள் தெரிந்துகொண்டாக வேண்டும். பாங்கோர் படகுத்துறைப் பக்கம் தேநீர்க் கடையில் வேலை தேடி உட்கார்ந்திருக்கும் பையனிடம் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: “தம்பி, உன் பேங்க் கார்டு சும்மாதானே கெடக்கு? ஒரு மாசத்துக்குக் குடு, காசு தர்றேன்.” கார்டோடு பின் எண், இணைய வங்கியின் கடவுச்சொல், சில சமயம் சிம் அட்டையும் கைமாறும். அதற்குப் பிறகு, எங்கோ ஒரு மூதாட்டியைப் போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பறித்த சேமிப்பு அந்தக் கணக்கில் விழுகிறது. சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. மூளையாக இருந்தவன் தடயமில்லாமல் மறைய, பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவாகியிருக்கும் பையன் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டுகிறது. கணக்கு முடக்கப்படுகிறது, வழக்கு வருகிறது. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதலான பிரிவுகள் இதற்கென்றே சேர்க்கப்பட்டன. “எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டுதான் கொடுத்தேன்” என்றால் தப்பிவிடலாம் என்று எவரும் நம்பியிருக்க முடியாது.

மூட்டை சுமப்பவன்மேல்தான் முழு அடியும் விழுகிறது என்பதைப் பேராக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். அப்போது அவர் இளைஞர்தான். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சோதனை காட்டியது. மிரட்டிச் சுமக்கவைத்தார்கள் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

வங்கி அட்டையும் ஹெராயினும் ஒன்றல்ல, தண்டனையும் ஒன்றல்ல. ஆனாலும் ஆள்பிடிக்கும் முறை ஒன்றுதான்: பணமுடை உள்ள, விவரம் போதாத ஒருவரைத் தேடிப் பிடித்து, சின்ன வேலை என்று சொல்லிச் சுமையை ஏற்றுவது. தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்து வாடகை வீடுகளில் நிலைகொள்ளப் போராடும் குடும்பங்களில் அப்படிப்பட்ட இளையவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே இந்த எச்சரிக்கையைப் போலீசின் விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கு மட்டும் விட்டுவைக்கக் கூடாது. இடைநிலைப் பள்ளிக்குப் போகும் முன்பே, ஆறாம் ஆண்டு மலாய் வகுப்பிலேயே, ‘அக்காவுன் கெல்டாய்’ என்ற தலைப்புள்ள ஒரு நாளிதழ்ச் செய்தியை ஆசிரியர் வாசிக்கச் சொல்லலாம். யார் யாரிடம் எதைக் கேட்டார், பணம் எங்கே போனது, கடைசியில் யார் மாட்டினார் என்று பிள்ளைகளையே சொல்ல வைக்கலாம். முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பும் முன் அந்த எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்ப்பதையும், ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைப்பதையும் அதே பாடவேளையில் கற்றுக்கொடுத்து விடலாம்.