பட்டறையில் எரிந்த மோரிஸ் மைனர்: இழப்பு யார் தலையில்?

எங்கள் தாத்தாவின் மோரிஸ் மைனர் கார் எரிந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அது சாலையில் ஓடும்போது எரியவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பட்டறையில், கதவும் இருக்கையும் கழற்றப்பட்டு, புதுப்பிக்கும் வேலை பாதியில் நின்றபோது எரிந்தது. துருப்பிடித்த அடித்தட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கூரை வரை புகை.

தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1962ஆம் ஆண்டுக் காரை 1968இல் இரண்டாம் கையாக வாங்கினார். தோட்டம் விற்கப்பட்டபோது குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்தோம். அது எப்போதுமே எங்களுடையது இல்லை. ஐம்பது ஆண்டு உழைப்பில் எங்கள் குடும்பப் பெயரில் கிரானோடு வெளியே வந்தது இந்தக் கார் ஒன்றுதான். அதனால்தான் அப்பா தம் சேமநிதிப் பணத்தில் பதினெட்டாயிரம் ரிங்கிட் வரை அதில் போட்டார்.

வீட்டுக் கதையைச் சொல்லி அனுதாபம் தேட இதை எழுதவில்லை. இப்போது நம்மவர்கள் பலர், அப்பா ஓட்டிய டட்சன் 120ஒய், தாத்தா விட்டுப்போன ஆஸ்டின் என்று கொட்டகையில் கிடந்த வண்டிகளைத் தூசி தட்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வண்டியைப் பட்டறையில் விட்ட நாள் முதல் எடுக்கும் நாள் வரை அது யார் பொறுப்பு என்று கேட்பவர் குறைவு. நாங்களும் கேட்கவில்லை.

புதுப்பிக்கும் காலத்தில்தான் பழைய கார் தீக்கு மிக அருகில் நிற்கிறது. வெல்டிங் பொறி தகட்டின் மறுபக்கம் விழுந்து, பழைய தார்ப் பூச்சிலோ சணல் விரிப்பிலோ கங்காகக் கிடந்து, ஆள் நகர்ந்த பிறகு பற்றும். வெல்டிங் முடிந்தும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இதற்காகத்தான். மோரிஸ் மைனரில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். முன்விளக்குக் கம்பிக்கு அதுவும் இல்லை. அறுபது வருடக் கம்பி உராய்ந்தால், பேட்டரியைக் கழற்றாத வரை ஆபத்து உள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் தொட்டியோ பின்பக்கப் பெட்டியின் தரைக்குக் கீழே. "தொட்டியைக் காலி பண்ணிட்டோம் அண்ணே, பயமில்லை" என்று அப்பாவிடம் சொன்னார்கள். காலித் தொட்டிதான் அதிக ஆபத்து. உள்ளே தங்கும் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவி நெருப்பைத் தேடிப் போகும். தொட்டியை வண்டியிலிருந்தே கழற்றி வெளியே வைத்திருக்க வேண்டும்.

எது முதலில் பிடித்தது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. அடுத்து வந்த கேள்வி காப்புறுதி.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. எரிந்த சொந்தக் காருக்கு அது ஒரு சென் தராது. அதற்கு, தீயும் திருட்டும் சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதி அல்லது முழுக் காப்புறுதி வேண்டும். வயதான காருக்குப் பல நிறுவனங்கள் இவற்றைத் தரத் தயங்கும். ஆனாலும் 2017 ஜூலை முதல் இவற்றின் கட்டணம் ஒரே விலையாக இல்லை. நாலு இடத்தில் கேட்டால் வித்தியாசம் தெரியும். கேட்கும்போது 'சந்தை மதிப்பு' வேண்டாம், 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று கேளுங்கள். பட்டறையில் கிடக்கும்போதும் காப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? வண்டிதான் ஓடவில்லையே என்று சாலை வரியோடு காப்புறுதியையும் புதுப்பிக்காமல் விட்டோம். புதுப்பிக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும் வண்டிகளுக்கு நம்மில் பலர் செய்வது இதுதான். பட்டறைக்காரரின் தீக் காப்புறுதி போதாதா என்றால், அது பெரும்பாலும் அவர் கட்டடத்துக்கும் அவர் பொருளுக்கும்தான். வாடிக்கையாளர் வண்டியைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. எங்களவர் சேர்க்கவில்லை.

ஆனால் சட்டம் நம்மைக் கைவிடவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் ஒப்படைத்த பொருளை வாங்கி வைத்திருப்பவர், தன் பொருளைப் போல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனமாக இருந்தேன் என்று நிரூபிக்கும் கடமையும் அவருடையதுதான். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் மருந்துப் பெட்டிகள் காணாமல் போன வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1978இல் சொன்னது இதைத்தான். ஆகவே "தீ விபத்து, நாங்க என்ன பண்றது" என்பது பதிலாகாது. சுவரில் தொங்கும் 'பொறுப்பேற்க மாட்டோம்' பலகையும் அவர்களைக் காப்பாற்றிவிடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைப் பலகை எழுதிப் பறிக்க முடியாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

எங்கள் சிக்கல் அங்கே இல்லை, தாளில் இருக்கிறது. பதினெட்டாயிரத்தில் ரசீது உள்ளது நாலாயிரத்து சொச்சத்துக்குத்தான். மீதியெல்லாம் ரொக்கம், "நம்ம ஆளு" என்ற நம்பிக்கை. வண்டியை ஒப்படைத்த தேதிக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. என்ன நிலையில் கொடுத்தோம், எந்த வேலை முடிந்தது என்பதற்கு என் கைப்பேசியில் இருந்த பதினோரு படங்கள்தான் சாட்சி. அவற்றையும் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சும்மா எடுத்தேன்.

பட்டறைக்காரரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவருடைய கருவிகளும் எரிந்தன. அப்பாவோடு ஒரே தோட்டப் பள்ளியில் படித்தவர். "தம்பி, பாதியாவது தவணையா தரேன்" என்றார், இரண்டு தவணை தந்தார், பிறகு நின்றது. அப்பாவுக்குக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் முதலில் சீட்டும் வாங்கவில்லை என்று நான் நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

போலீஸ் புகாரும் தீயணைப்புத் துறை அறிக்கையும் கையில் இருக்கின்றன. தீர்ப்பாய மனுவை நான் பூர்த்தி செய்துவிட்டேன். முன் கிரில்லும் பம்பரும் அன்று முலாம் பூச ஈப்போவுக்குப் போயிருந்ததால் தப்பின. வீட்டு வரவேற்பறையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம். கிரானை ஜேபிஜேயில் ரத்து செய்யப் போகலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார் அப்பா.